போனோம், போவோம்: ஸ்பானிஷில் ஒரு வினையின் இறந்தகாலம்

ஸ்பானிஷ் படிக்கிற தமிழர்கள் பெரும்பாலும் அதை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, போனில் இருக்கிற ஆப் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறது, ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். எண், நிறம், கிழமை, சாப்பாட்டுப் பெயர்கள் என்று போகிறவரை இதில் பெரிய நஷ்டம் கிடையாது. இறந்தகாலம் வந்ததும் கதை மாறுகிறது. அதிலும் 'போ' என்று பொருள்படும் 'இர்' என்ற வினைக்கு வரும்போது, ஆங்கிலம் குறுக்கே நின்று நமக்கு ஏற்கனவே தெரிந்ததை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். இதைப் பற்றிப் பலரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். பேசப் பேச எண்ணம் இன்னும் உறுதியாகத்தான் ஆகிறது. அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதிக்குப் பாதி, தாலூகா ஆபீசில் மலையாளம். கேரள அரசு அச்சடித்த தமிழ்வழிப் பாடநூல்களில் படித்தவள் நான். வேலை கோயம்புத்தூரில், பம்ப்செட் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில். பெரு, கொலம்பியா, மெக்சிகோ என்று வாடிக்கையாளர்கள் இருப்பதால் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நானும் அதே செக்‌ஷனில் வேலை செய்கிற ஒரு சேச்சியும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தோம். சேச்சிக்கு ஊர் சித்தூர், தாய்மொழி மலையாளம். அவர் ஏறி வருகிற பஸ்ஸில்தான் நானும் ஏறுவேன். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி உக்கடம் போய்ச் சேரும்வரை இருவரும் வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டு போவோம்.

ஆறு வடிவங்கள், இரண்டு தரம்

'இர்' வினைக்கு ஒற்றைச் சொல்லில் வருகிற இறந்தகாலம் இரண்டு. இரண்டிலும் நான், நீ, அவர், நாங்கள், நீங்கள் எல்லோரும், அவர்கள் என்ற வரிசையில் ஆறு வடிவங்கள். ஒன்று: ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுவே, ஃபுயிமோஸ், ஃபுயிஸ்தெய்ஸ், ஃபுவேரோன். இன்னொன்று: ஈபா, ஈபாஸ், ஈபா, ஈபாமோஸ், ஈபாய்ஸ், ஈபான். ஐந்தாவதாக வருவது 'நீங்கள் எல்லோரும்' என்ற இடத்துக்கு உரியது. அதை ஸ்பெயினில்தான் சொல்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்துக்கும் ஆறாவது வடிவமே போதும். எங்கள் வேலைக்கு அதனால் ஐந்தே ஐந்து வடிவங்கள்தான்.

முதல் வரிசையைப் பார்த்தால், 'இர்' என்ற சொல்லுக்கும் 'ஃபுய்' என்பதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தோன்றும். உண்மையும் அதுதான். மூன்று லத்தீன் வினைகளின் துண்டுகள் சேர்ந்து ஒரே வினையாகிவிட்ட கதை இது. 'இர்', 'ஈபா' எல்லாம் 'ஈரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தவை. நிகழ்காலத்தில் வருகிற 'வொய், வாஸ், வா' வரிசை 'வாதேரே' என்ற வேறொரு வினையிலிருந்து வந்தது. 'ஃபுய்' இருக்கிறதே, அது லத்தீனில் 'இருந்தேன்' என்று மட்டுமே பொருள் தந்தது. ஓர் ஊரில் இருந்தேன் என்றால் அந்த ஊருக்குப் போனேன் என்பதும் அதில் அடக்கம்தானே, அந்த வழியாக இரண்டாவது பொருள் ஏறிக்கொண்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். விளைவு, இன்றைக்கும் ஸ்பானிஷில் 'ஃபுய்' என்றால் போனேன் என்றும் பொருள், இருந்தேன் என்றும் பொருள். 'ஃபுயிமோஸ் அ லீமா' என்றால் லீமாவுக்குப் போனோம். 'ஃபுயிமோஸ் காம்பியோனெஸ்' என்றால் நாங்கள் சாம்பியனாக இருந்தோம். உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினா கொடி கட்டுகிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தை ஒரு தரம் சொன்னால் போதும், அப்புறம் மறக்கவே மாட்டார்கள். பின்னால் 'அ' சேர்ந்த இடப்பெயர் வந்தால் போவது, மற்ற இடங்களில் வாக்கியத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரட்டைப் பொருளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு இதுவரை ஒரு மெயிலில்கூட இதனால் குழப்பம் வந்ததில்லை.

விகுதிகள் விஷயத்தில் தமிழ்க்காரர்களுக்கு வேலை பாதிதான். போனேன், போனாய், போனான், போனோம், போனார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். நான், நீ என்று எழுவாய் போடாமலேயே யார் போனது என்று தெரிந்துவிடும். ஸ்பானிஷிலும் அப்படியே. 'ஃபுய்' என்று சொன்னால் போதும், 'நான்' என்கிற 'யோ'வை முன்னால் சேர்ப்பது அழுத்தத்துக்காக மட்டும். ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போதோ, ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' சேர்த்துப் பேசுகிற பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. பாடநூலில் எழுவாய்க்கென்று ஒரு கட்டம் போட்டு வினைக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பதால் வருகிற பழக்கம் அது. பள்ளியில் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதியது பரீட்சையோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 'மோஸ்' என்பதை 'ஓம்' விகுதி என்று நோட்டில் குறித்துக்கொண்ட அன்றே அந்த வரிசை மனதில் தங்கிவிட்டது.

பக்கத்து சீட்டில் மலையாளம்

சேச்சிக்கு இதே இடம்தான் கஷ்டமாக இருந்தது. மலையாளத்தில் ஞான் போயி, நீ போயி, அவன் போயி, ஞங்ஙள் போயி. யார் போனாலும் போயிதான். வினையில் ஆள் தெரியாது. பழைய மலையாளத்தில் இருந்த விகுதிகள் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரளபாணினீயம் என்ற தம் மலையாள இலக்கண நூலில், மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக் காட்டுகிற ஆறு நயங்களை, அதாவது மாற்றங்களை, பட்டியலிடும்போது இதற்கும் ஓர் இடம் கொடுத்துப் புருஷபேத நிராசம், அதாவது ஆள் வேறுபாட்டை விடுதல், என்று பெயர் வைத்தார். ஆகவே சேச்சி ஸ்பானிஷிலும் எல்லோருக்கும் 'ஃபுவே' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, 'போகிறேன்' என்று பொருள்படும் 'வொய்' உச்சரிப்பில் கிட்டத்தட்ட 'பொய்' என்றுதான் ஒலிக்கும். மலையாளக் காதுக்கு அது 'போயி' மாதிரியே விழும். நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் அந்த நிகழ்கால வடிவமே அவர் வாயில் முதலில் வரும்.

ஆனால் 'ஈபா' பாடம் வந்தபோது வகுப்பிலேயே முதலில் பிடித்துக்கொண்டவர் சேச்சிதான். வகுப்பில் சொன்ன விதி இது: ஆங்கிலத்தில் 'யூஸ்டு டு' வந்தால் ஈபா, 'வாஸ் கோயிங்' வந்தால் ஈபா, வெறும் 'வென்ட்' வந்தால் ஃபுய். விதி பார்க்க எளிதாகத்தான் இருந்தது. பயிற்சியில் 'சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போனோம்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்தது. ஆங்கிலத்தில் அங்கே வெறும் 'வென்ட்'தான் இருந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் விதிப்படி 'ஃபுயிமோஸ்' என்று எழுத, விடைப் பக்கத்தில் 'ஈபாமோஸ்' என்று இருந்தது. ஆங்கிலம் அந்த ஒரே 'வென்ட்'டை இரண்டுக்கும் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கே தடுமாற்றம் வருகிற இடம் இது. நாமோ தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, அதைத் திரும்ப ஸ்பானிஷுக்கு மாற்றுகிறோம். முதல் மாற்றத்திலேயே தேவையான தகவல் கொட்டிப் போய்விடுகிறது. சேச்சி அடுத்த வாரத்திலிருந்து ஆங்கிலத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். 'போகுமாயிருந்நு' என்று மலையாளத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஈபா போடுவார். சரியாக இருக்கும். அப்படியானால் தமிழில் அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. 'போய்க்கொண்டிருந்தேன்' என்று எழுதிப் பார்த்தேன். 'போவது வழக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுமே தினமும் ஆற்றுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை.

அம்மாயி சொன்ன கிணற்றுக் கதை

விடை வீட்டிலேயே இருந்தது. கேரளா என்றாலும் எங்கள் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் தண்ணீருக்குப் பரம்பிக்குளம் ஆளியாறு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்கள். அந்தக் கோடையில் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதைப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பழைய கதையை ஆரம்பித்தார். நான் பக்கத்தில் ஸ்பானிஷ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பல்லாம் வெடியால நேரத்துல தண்ணிக்குப் போவோங்கண்ணு. நானு, உங்க பெரியம்மா, மேக்கால ஊட்டுக்காரி எல்லாஞ் சேந்து போவோம். இட்டேரியில நடந்து போனா அந்தாண்ட ஒரு தோட்டம், அங்க ஒரு பெரிய கெணறு. தோட்டத்துக்காரரு கண்டா சத்தம் போடுவாரு. ஒருநாளு அப்படித்தான் போனோம். எட்டிப் பாத்தா கெணத்துக்குள்ள ஒரு கன்னுக்குட்டி. நாந்தான் படியில எறங்குனேன். கவுத்தக் கட்டுனேன். மேல இருந்து இவங்க இழுத்தாங்க. அந்தாளு ஓடியாந்து பாத்தாரு, ஒண்ணுமே பேசுல. அதுக்கப்பறம் நாங்க போனா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. நாங்க பாட்டுக்குப் போவோம், மோந்துட்டு வருவோம்."

போவோம், போவோம், சத்தம் போடுவார். இவையெல்லாம் நடந்து முடிந்து பல வருடம் ஆன விஷயங்கள். பள்ளி இலக்கணப்படி இவை எதிர்கால வினைமுற்றுகள். வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழ் இதே வடிவத்தைத்தான் எடுக்கிறது. நாம் யோசிக்காமலேயே எடுக்கிறோம். 'ஒருநாளு' என்ற சொல் வந்ததும் அம்மாயியின் வினைகள் அப்படியே திரும்பின: போனோம், எறங்குனேன், கட்டுனேன், இழுத்தாங்க. சம்பவம் முடிந்து நிலைமை பழையபடி வழக்கமானதும் மறுபடி போவோம், வருவோம். எதிர்மறையும் அதற்கேற்ப மாறியதைக் கவனித்தேன். அன்றைக்கு அவர் 'பேசுல', அதற்குப் பிறகு எப்போதும் 'சொல்ல மாட்டாரு'.

கதையை அப்படியே ஸ்பானிஷில் போட்டுப் பார்த்தேன். 'ஈபாமோஸ் போர் அகுவா', தண்ணீருக்குப் போவோம். 'உன் தீஆ ஃபுயிமோஸ்', ஒருநாள் போனோம். இறங்கினேன் என்பதற்கு 'பாஹே', கட்டினேன் என்பதற்கு 'லோ அதே'. அதற்குப் பிறகு தோட்டக்காரர் 'நோ தெஸீஆ நாதா', எதுவும் சொல்ல மாட்டார். அம்மாயி 'போவோம்' என்ற இடத்தில் எல்லாம் ஈபாமோஸ் வந்தது. 'போனோம்' என்ற இடத்தில் ஃபுயிமோஸ் வந்தது. ஓர் இடத்தில்கூட ஆங்கிலத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிப் படிப்பே இல்லாத அம்மாயி, ஸ்பானிஷ் வகுப்பில் பல வாரம் இழுத்த பாடத்தை ஒரு கிணற்றுக் கதைக்குள் ஒரு பிசகும் இல்லாமல் செய்து காட்டிவிட்டார். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு இந்த இரண்டு வரிசையையும் தனியாக மனப்பாடம் செய்ய எனக்குத் தேவையே வரவில்லை.

'போய்க்கொண்டிருந்தேன்' என்பதும் ஈபாவுக்குள்தான் வருகிறது. கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மழை பிடித்துக்கொண்டது என்றால் போய்க்கொண்டிருந்தது ஈபா. வெனிசுவேலாவில் பிறந்த அந்த்ரேஸ் பெய்யோ என்ற அறிஞர் 1847இல் சிலேயிலிருந்து வெளியிட்ட ஸ்பானிஷ் இலக்கணத்தில் இந்தக் காலத்துக்குக் 'கோப்ரெதேரிதோ' என்று பெயர் வைத்தார். வேறொரு இறந்தகாலச் செயலோடு கூடவே ஓடுகிற இறந்தகாலம் என்று அர்த்தம். மெக்சிகோ பள்ளிகளில் இன்னும் அந்தப் பெயர் உண்டு. எங்கள் பாடநூலில் இருந்த 'இம்பெர்ஃபெக்தோ' என்ற பெயரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. முடியாதது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், எதனோடு சேர்ந்து ஓடுகிறது என்று தேட வைக்கிறது. இன்னொரு பயன்பாடும் உண்டு. 'ஈபா அ யமார்தே' என்றால் உன்னைக் கூப்பிடலாம் என்று இருந்தேன். நடக்காமல் போன உத்தேசத்தைச் சொல்லத் தமிழில் 'இருந்தேன்' போடுகிறோம், அவர்கள் ஈபா போடுகிறார்கள். மெக்சிகோக்காரர்களோடு போனில் பேசுகிறவர்களுக்கு இது தினப்படி தேவை.

வேலையில் இது என்ன வித்தியாசம் செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. 'எல் தெக்னிகோ ஈபா லோஸ் லூனேஸ் அ லா ஃபின்கா' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். மெஷின் அதை ஆங்கிலத்தில் மாற்றி, டெக்னீசியன் திங்கட்கிழமைகளில் பண்ணைக்குப் போனார் என்று காட்டியது. படித்தவர்கள் சரி, போய்விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அந்த ஈபாவைத் தமிழில் படித்தால் 'திங்கட்கிழமை ஆனா போவார்'. முன்பெல்லாம் போவார், இப்போது போவதில்லை என்கிற குறை அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. பதில் அதற்கேற்ப எழுத முடிந்தது.

போனார், போய்விட்டார்

இதே வினையில் தமிழ் கைகொடுக்கிற இன்னோர் இடம் உண்டு. 'ஃபுவே' என்றால் போனார். முன்னால் 'செ' சேர்த்து 'செ ஃபுவே' என்றால் போய்விட்டார், கிளம்பிவிட்டார். எங்கே போனார் என்பதைவிட, இங்கே இல்லை என்பதுதான் அதில் சேதி. ஆங்கிலம் இதற்கு வேறு வினையைத் தேடிக்கொண்டு போகிறது. நமக்கு 'விடு' என்ற துணைவினை போதும். போனார், போய்விட்டார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாடம் முடிந்தது.

பெருவிலிருந்து ஒருவர் நீண்ட நாள் பதில் போடாமல் இருந்தார். அப்புறம் வந்த மெயிலில் ஒரு வரி: 'மி பாபா செ நோஸ் ஃபுவே எல் மார்தெஸ்.' மெஷின் மொழிபெயர்ப்பில், என் அப்பா செவ்வாய்க்கிழமை எங்களை விட்டுக் கிளம்பினார் என்கிற மாதிரி வந்திருந்தது. எங்கே போனாராம் என்று மேனேஜர் கேட்டார். அந்த 'நோஸ்' என்றால் எங்களுக்கு, எங்களிடமிருந்து. நம் ஊரில் அப்பா போய்ட்டாரு என்று சொன்னால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம் இல்லையா, அதேதான் சார் இது என்று சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆர்டர் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லி, இரங்கல் மட்டும் எழுதச் சொன்னார். பதிலை எழுதி முடித்தபோது, ஒரு மொழியை இந்த அளவுக்காவது தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு நல்லது என்று தோன்றியது. தெரியாமல் போயிருந்தால் பம்ப்செட் டெலிவரி தேதியைக் கேட்டு நினைவூட்டல் அனுப்பியிருப்போம்.

இதற்காகத் தமிழிலேயே எல்லாம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 'போ' வினைக்குக் கைகொடுக்கிற தமிழ் 'இரு' வினைக்கு வந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவர் ஆசிரியராக இருந்தார் என்பதை ஸ்பானிஷில் 'ஏரா' என்றும் சொல்லலாம், 'ஃபுவே' என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தின் சூழலைச் சொன்னால் ஏரா, முடிந்துபோன ஒரு கட்டமாகச் சொன்னால் ஃபுவே. தமிழில் இரண்டுக்கும் 'இருந்தார்'தான். 'அப்போ எனக்குப் பத்து வயசு' என்று நாம் சொல்கிற வாக்கியத்தில் வினையே கிடையாது. ஸ்பானிஷ்காரர் அங்கே 'வைத்திருந்தேன்' என்று பொருள்படும் 'தெனீஆ' என்ற வினையைப் போட்டே தீர வேண்டும். இந்த இடங்களில் தமிழைப் பிடித்துக்கொண்டு போனால் சறுக்கும். அங்கே பெய்யோ சொன்ன 'கூடவே ஓடுவது' என்ற எண்ணம்தான் கைகொடுக்கிறது. வயது என்பது கதை ஓடுகிறபோது கூடவே ஓடிக்கொண்டிருந்த ஒன்று, அதனால் தெனீஆ.

சேச்சியும் நானும் இப்போது பஸ்ஸில் பட்டியல் ஒப்பிப்பதில்லை. ஆளுக்கொரு பழைய கதை சொல்கிறோம். அவர் மலையாளத்தில் சொன்னால் நான் ஸ்பானிஷில் திருப்ப வேண்டும், நான் தமிழில் சொன்னால் அவர் திருப்ப வேண்டும். விகுதியில் அவர் தடுமாறினால் போனேன், போனாய் என்று தமிழில் எடுத்துக்கொடுப்பேன். இன்னும் சில நாள் 'ஃபுவே' என்று ஆரம்பித்துத் தானே 'ஃபுய்' என்று திருத்திக்கொள்வார். 'இருந்தார்' வந்து நான் நிற்கிற இடத்தில் மலையாளமும் சேர்ந்து நிற்கிறது, அதற்கு இருவருமே இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். தமிழ் பேசுகிறவர்களுக்கென்று யாராவது ஸ்பானிஷ் இலக்கணம் எழுத உட்கார்ந்தால் ஒரு வேண்டுகோள். இறந்தகாலப் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். வீட்டில் வயதானவர் யாரையாவது அந்தக் காலத்தில் தண்ணீருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி, 'போவோம்' வருகிற இடத்தில் எல்லாம் ஈபாமோஸ், 'போனோம்' வருகிற இடத்தில் எல்லாம் ஃபுயிமோஸ் என்று ஓரத்தில் குறியுங்கள். பட்டியலை அடுத்த பக்கத்தில் கொடுத்தால் போதும்.